காலப்பிரமாணமும் மனநிலையும்

ஒரு கச்சேரியைக் கேட்டு வெளியே வருபவர்கள் முதலிற் சொல்லும் அபிப்பிராயம் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியதாகவே இருக்கும். ‘ஓட்டமாக ஓடிவிட்டார்’ என்பார் ஒருவர்; ‘இழுத்துவிட்டார்’ என்பார் மற்றொருவர். சுரஞானம் இல்லாதவருக்கும் வேகம் எளிதிற் புலப்படும். ஆதலால் அதனை இசையின் மிகச் சாதாரணமான அமிசமென்று கருதிவிடுகிறோம். ஆயின், ஓர் உருப்படியை எந்தக் காலப்பிரமாணத்தில் எடுப்பது என்னும் முடிவிலே கலைஞனுடைய இசையறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த முடிவைப் பற்றி இரு பெருங் கலைஞர்கள் ஒருமுறை பலரறிய மாறுபட்டனர். மாறுபட்டவர்கள் ஒரே மேடையில் ஒரே உருப்படியைச் சேர்ந்தும் வாசித்தனர். அந்த வாசிப்பு ஒலிப்பதிவாக இன்றும் நமக்குக் கிடைக்கிறது. அதனைச் சான்றாகக் கொண்டு, காலப்பிரமாணம், சுரநிலை, மனநிலை ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பைச் சிறிது ஆராய்வோம். மேனாட்டார் ‘கீ’ என்று வழங்குவதையே இங்கு சுரநிலை என்கிறேன்.

1962 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 6 ஆந் திகதி, நியூயோர்க் நகரத்துக் கார்னகி மண்டபத்தில் நியூயோர்க் பில்ஹார்மொனிக் வாத்தியக் குழுவின் கச்சேரி நடைபெற்றது. குழுவை நடத்தியவர் லெனாட் பேர்ண்ஸ்டைன். பியானோ வாசித்தவர் கனடா தேசத்தவரான கிளென் கூல்ட். முதலில் டென்மார்க் நாட்டு இசைப்புலவர் கார்ல் நீல்சனுடைய உருப்படிகள் வாசிக்கப்பெற்றன. அதன் பின்னர் ஜேர்மானிய இசைப்புலவர் ஜொகானஸ் பிராம்ஸ் இயற்றிய முதலாவது பியானோ கொன்சேர்ட்டோ தொடங்கவிருந்தது. கொன்சேர்ட்டோ என்பது, ஒரு தனி வாத்தியமும் பெரிய வாத்தியக் குழுவும் ஒன்றோடொன்று உரையாடியும் போட்டியிட்டும் இசைக்கும் உருப்படியாகும். பியானோக் கலைஞர் மேடைக்கு வருமுன், குழுவை நடத்துபவர் தனியே வந்து சபையோரை நோக்கிப் பேசலானார். இது வழக்கத்துக்கு மாறானது.

அவர் கூறியதன் சாரம் இது. இப்பொழுது கேட்கப்போகும் வாசிப்பு, தாம் இதுவரை கேட்டறிந்த எதனையும் ஒத்ததன்று. அதன் காலப்பிரமாணம் மிகவும் அகன்றது. ஒலியைக் கூட்டுக, குறைக்க என்று பிராம்ஸ் எழுதிவைத்த குறிகளிலிருந்தும் அது பல இடங்களில் விலகிச்செல்கிறது. இக்கருத்துடன் தமக்கு முழு உடன்பாடில்லை. பின் ஏன் இதனை நடத்தத் துணிந்தோம் என்பதற்கும் அவரே விடை கூறினார். திரு. கூல்ட் மிகவும் நேர்மையான, சிந்தனையாழம் மிக்க கலைஞர். அவர் மனமார நம்பிச் செய்யும் எதனையும் அலட்சியம் செய்தலாகாது. அன்றியும், பலமுறை வாசிக்கப்பட்ட ஓர் உருப்படியைப் புதிதாகக் கேட்கும் வாய்ப்பு இதனால் உண்டாகிறது என்றார். கொன்சேர்ட்டோவில் தலைவர் யார், தனிவாத்தியக்காரரா, குழுவை நடத்துபவரா என்ற வினாவையும் அவர் எழுப்பினார். சில சமயம் இவர், சில சமயம் அவர், ஆளைப் பொறுத்தது என்று தாமே நகைச்சுவையோடு விடையுங் கூறினார். சபையோர் சிரித்தனர். அதன் பின்பு கூல்ட் வந்தமர்ந்தார். கச்சேரி வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அவ்வொலிபரப்பினாலேயே அந்தப் பேச்சும் வாசிப்பும் அழியாமல் எஞ்சின. உரிமை பெறாத இசைத்தட்டுகளில் நெடுங்காலம் உலவிய பின்னர், 1998 ஆம் ஆண்டிலே சோனி நிறுவனம் அதனை முறைப்படி வெளியிட்டது.

இனி, மாறுபாட்டுக்கு இடமளித்த உருப்படியை நோக்குவோம். பிராம்ஸ் 1833 ஆம் ஆண்டு பிறந்தவர். இருபதாவது வயதிலே அவர் றொபேட் ஷூமன் என்னும் முதிர்ந்த இசைப்புலவரைச் சந்தித்தார். புதியதொரு மேதை தோன்றிவிட்டதென ஷூமன் பத்திரிகையில் எழுதி உலகறியச் செய்தார். சில மாதங்களே கழிந்தன. 1854 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், சித்தம் பேதலித்த ஷூமன் றைன் நதியிற் குதித்தார். காப்பாற்றப்பட்டாராயினும் மனநோய் விடுதியிலேயே இரண்டாண்டுகள் கழித்து உயிர் துறந்தார். அவ்வாண்டிலேதான் இளைஞரான பிராம்ஸ் இந்த இசையை எழுதத் தொடங்கினார். முதலில் இரு பியானோக்களுக்கான சொனாட்டாவாக எழுதினார்; பின்னர் சிம்பொனியாக மாற்ற முயன்றார்; ஈற்றில் அது கொன்சேர்ட்டோவாக உருப்பெற்றது. 1859 ஆம் ஆண்டு ஜனவரி 22 ஆந் திகதி ஹனோவர் நகரில் அரங்கேறியது. ஐந்து நாட்களின் பின் லைப்சிக் நகரில் வாசிக்கப்பட்டபோது, கைதட்ட முயன்ற மிகச் சிலரையும் அடக்கிச் சபையோர் சீறினர். பிராம்ஸ் தாமே பியானோ வாசித்த கச்சேரி அது.

இந்த இசையின் சுரநிலை டி மைனர். டி என்ற சுரத்தை ஷட்ஜமமாகக் கொண்டு நடபைரவியினதும் கீரவாணியினதும் சுரங்களிலே சஞ்சரிப்பது போன்றதென்று நம் இசையறிந்தோர் இதனை ஏறக்குறைய விளங்கிக்கொள்ளலாம். மேனாட்டு இசையில் மொஸார்ட் முதலியோர் இச் சுரநிலையைப் பெரும்பாலும் இருண்ட, கடுமையான உணர்ச்சிகளுக்கே ஒதுக்கினர். மொஸார்ட்டின் இருபதாவது பியானோ கொன்சேர்ட்டோவும் அவருடைய இரங்கற் பூசையிசையும் டி மைனரிலே அமைந்தவை. பிராம்ஸ் அந்த மரபை நன்கு அறிந்தவர்.

ஆயினும் அவர் தொடங்கும் முறையைக் கவனியுங்கள். முழவுகள் உருள, கொம்புகளும் தாழ்ந்த தந்தி வாத்தியங்களும் டி என்ற சுரத்தை அசையாமற் பிடித்து நிற்கின்றன. நம் தம்புராவின் ஆதார சுருதி போன்ற நிலை அது. ஆனால் அதன்மேல் எழும் இசை டி மைனராக இல்லை. பி பிளாட் மேஜர் என்னும் வேறொரு சுரநிலையின் சுரங்களாக இருக்கிறது. அடுத்து ஏ பிளாட் என்ற சுரம் நடுங்கி அதிர்கிறது. டி ஷட்ஜமமானால் ஏ பிளாட் பிரதிமத்திமத்தின் தானத்தில் விழும். நிலத்தைக் காட்டி, அந்த நிலத்தையே பிளந்துவிடுவது போன்ற தொடக்கம். ஷூமன் நதியிற் குதித்த செய்தியே இத் தொடக்கத்துக்குத் தூண்டுகோல் என்று, பிராம்ஸின் நண்பரும் வயலின் மேதையுமான ஜோசப் ஜோக்கிமின் கூற்றாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. அச் செய்தியை அறியாதவருக்கும் அந்த அதிர்ச்சி தெளிவாகவே கேட்கும்.

சுரநிலையைப் பிராம்ஸ் எழுதிவிட்டார். அதனை யாரும் மாற்றமுடியாது. வேகத்தையும் அவ்வாறே எழுதினாரா? முதற் பகுதியின் தலையில் அவர் இட்ட சொல் ‘மாஎஸ்தோசோ’ என்பது. கம்பீரமாக என்பது அதன் பொருள். விரைவாக என்றோ மெதுவாக என்றோ அதற்குப் பொருள் இல்லை. அது மனநிலையைக் குறிக்கும் சொல்; அதற்குரிய வேகத்தை வாசிப்பவரே உய்த்துணர வேண்டும். தாளமும் இந்த ஐயத்துக்கு இடமளிக்கிறது. ஒவ்வோர் ஆவர்த்தமும் ஆறு எண்ணிக்கை கொண்டது. அதனை மும்மூன்றாகச் சேர்த்து இரண்டு பெரிய அடிகளாக எண்ணினால் இசை அலைபோல் எழுந்து புரளும். ஆறையும் தனித்தனியே எண்ணினால் ஒவ்வோர் அடியும் பாரமேறி நடக்கும். இரண்டும் கம்பீரமே. புயற்கடலின் கம்பீரம் ஒன்று. மலையின் கம்பீரம் மற்றொன்று.

பெரும்பாலோர் முதல் வழியையே பின்பற்றுவர். முதற் பகுதி 20 முதல் 23 நிமிடங்களில் நிறைவுறும். கூல்டின் வாசிப்பில் அது 25 நிமிடங்களுக்கு மேற் செல்கிறது. உருப்படி முழுவதற்கும் ஏறக்குறைய 53 நிமிடங்கள் ஆகின்றன. அக்காலத்து நியூயோர்க் டைம்ஸ் விமர்சகரான ஹரல்ட் ஷோன்பேர்க் இதனைக் கேலிசெய்து எழுதினார். கைவன்மை போதாமையினாலேயே இவ்வளவு மெதுவாக வாசித்தார் போலும் என்று குத்தலாகவுங் குறிப்பிட்டார். 1955 இல் பாக்கினுடைய கோல்ட்பேர்க் மாறுபாடுகளை மின்னல் வேகத்தில் வாசித்து இசைத்தட்டாக்கி உலகை வியக்கவைத்தவரைப் பற்றிச் சொல்லத்தக்க குறை அதுவன்று. கூல்டுக்கு வேறு காரணம் இருந்தது.

கொன்சேர்ட்டோ மரபிலே முரண்பாடு மிகுந்துவிட்டது என்பது அவருடைய கருத்து. குழு இடிபோல் முழங்கும். உடனே பியானோ கனிந்து குழையும். வேகமான இடம் மிகவும் வேகமாகும். உருக்கமான இடம் மிகவும் தாமதமாகும். அத்தகைய நாடகத்தன்மையை அவர் விரும்பவில்லை. பகுதிக்குப் பகுதி வேறுபடும் வேகங்களுக்கு அடியிலே ஒரே நாடித்துடிப்பு ஓடவேண்டும் என அவர் கருதினார். முதற் பகுதியில் பியானோ தனித்து எஃப் மேஜரில் எடுக்கும் இரண்டாவது பண்ணுக்குப் பிராம்ஸே ‘சற்று மிதமாக’ என்று குறித்திருக்கிறார். பலர் அந்தச் ‘சற்று’ என்பதை மறந்து, நடையையே மாற்றிவிடுவர். அந்தப் பண்ணுக்கு இயல்பான காலப்பிரமாணத்தை முதலிலிருந்தே கைக்கொண்டால், அங்கு வந்து சேரும்போது மாற்றம் வேண்டியிராது என்பதே கூல்டின் வழி. ஆகவே அவர் வேண்டியது தாமதத்தை அன்று, பகுதிகளுக்கிடையே பொருத்தத்தை. தாமதம் அப்பொருத்தத்தின் விலையாக வந்து சேர்ந்தது.

இப்பொழுது ஒலிப்பதிவைச் செவிமடுப்போம். தொடக்கத்தில் இழப்பு வெளிப்படையாகத் தெரிகிறது. நிலம் பிளக்கும் அந்த அதிர்ச்சி குறைந்துவிடுகிறது. நடுங்கும் சுரங்கள் வெட்டும் மின்னலாக இல்லை. தூரத்து இடியின் உறுமலாகவே ஒலிக்கின்றன. அச்சத்தின் இடத்தைத் துயரம் பிடித்துக்கொள்கிறது. சுரநிலை அதே டி மைனர். சுரங்களில் ஒன்றும் மாறவில்லை. காலப்பிரமாணம் மாறியதும் அதே சுரங்கள் வேறு செய்தியைச் சொல்கின்றன. நதியிற் குதித்த கணத்தை மற்றவர்கள் வாசிக்கிறார்கள் என்றால், அச் செய்தி கேட்டபின் வந்த நீண்ட இரவை இவர் வாசிக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் பியானோ நுழைகிறது. எவ்வித ஆரவாரமும் இன்றித் தணிந்த குரலிற் பேசுவதுபோல் அது நுழைவதைப் பிராம்ஸ் அமைத்திருக்கிறார். இங்கு கூல்டின் வழி தன் பயனைக் காட்டுகிறது. புயலிலிருந்து திடீரென அமைதிக்கு இறங்கும் உணர்ச்சி இல்லை. குழு விட்ட இடத்திலிருந்தே பியானோ பேச்சைத் தொடர்கிறது. உள்ளே ஒளிந்திருக்கும் குரல்கள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கின்றன. எஃப் மேஜர்ப் பண்ணும் தனியே நிறுத்திக் காட்டப்படாமல், முன்னர் வந்த துயரத்தின் மடியிலிருந்தே பிறக்கிறது. பிற்பாதியிலே தொடக்க இசை திரும்பும் இடம் ஒன்றுண்டு. அடியில் டி என்ற சுரம் நிற்க, மேலே பியானோ எவரும் எதிர்பாராத ஈ மேஜர்ச் சுரங்களுடன் முழங்கும். வேகமாகச் செல்பவர்களிடம் இது ஒரு வியப்பாகக் கடந்துபோகும். இங்கோ அந்த உரசல் மறையாமல் நிலைத்து நிற்கிறது. இரண்டு சுரநிலைகளும் ஒன்றையொன்று பொறுக்கமாட்டாமல் நிற்பதை நாம் நின்று பார்க்கிறோம்.

இரண்டாம் பகுதி ‘அடாஜியோ’. டி மேஜரில் அமைந்தது. அதே டி ஷட்ஜமமாக நிற்க, சுரங்கள் சங்கராபரணத்தினுடையவை ஆகின்றன. ஆறு எண்ணிக்கைத் தாளமும் முதற் பகுதிக்குரியதே. அதே வீட்டிலே விளக்கேற்றியது போன்ற மாற்றம் இது. கையெழுத்துப் பிரதியில் இப் பகுதிக்கு இலத்தீன் வழிபாட்டு வாசகம் ஒன்றைப் பிராம்ஸ் எழுதியிருந்தார். ஷூமனுடைய மனைவியும் பியானோ மேதையுமான கிளாராவுக்கு எழுதிய கடிதமொன்றில், அவருடைய மென்மையான உருவத்தையே இதில் வரைந்துவருவதாகவுங் குறிப்பிட்டார். ஒலிப்பதிவிலே நாம் கவனிக்கத்தக்கது யாதெனில், தாமதத்துக்குப் பெயர்பெற்ற இந்த வாசிப்பில், தாமதமாகவே வாசிக்கவேண்டிய இப் பகுதி வழக்கத்தைவிட நீண்டதாக இல்லை. 14 நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. இதனை இதனினும் நீட்டி வாசித்தோர் பலர். கூல்ட் எல்லாவற்றையும் ஒருசேர மெதுவாக்கிவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று. இரு பக்கங்களையும் நடுப்பகுதிக்கு அருகே கொண்டுவந்தார். முதற் பகுதியின் துயரமும் இரண்டாம் பகுதியின் வழிபாடும் ஒரே மூச்சின் உள்வாங்கலும் வெளியிடலும் ஆகின்றன.

மூன்றாம் பகுதியிலே இம் முறை இடறுகிறது என்பதே என் கருத்து. அது ‘ரொண்டோ’ என்னும் வகை. முதற்பண் மீண்டும் மீண்டும் திரும்பிவரும். ‘விரைவாக, ஆயின் மிகையின்றி’ என்பது பிராம்ஸின் குறிப்பு. டி மைனரில் தொடங்கி, டி மேஜரில் வெற்றியோடு முடிவது. துயரத்தைக் கண்ட இளைஞன் எழுந்து நடக்கும் பகுதி இது. இங்கு துள்ளல் இல்லையேல் மீட்சி இல்லை. கூல்டின் வாசிப்பில் ஒவ்வொரு சுரமும் கூர்மையாக இருக்கிறது. நடுவிலே குரலைக் குரல் தொடர்ந்து வரும் பகுதி பாக்கின் இசைபோல் தெளிவாக விளங்குகிறது. ஆயினும் முதற் பண்ணை உந்தும் விசை போதவில்லை. ஈற்றில் டி மேஜர் வருகின்றபோது, போராடிப் பெற்றதாகத் தோன்றாமல் கணக்குப்படி வந்துசேர்ந்ததாகத் தோன்றுகிறது. ஒரே துடிப்பு என்னும் கொள்கை முதலிரு பகுதிகளுக்கு உயிரூட்டியது. மூன்றாவதற்கு அது விலங்காயிற்று.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? சுரநிலை மனநிலையின் எல்லையை வகுக்கிறது. டி மைனரில் எழுதப்பட்ட இத் தொடக்கத்தை எவர் எப்படி வாசித்தாலும் அது களிப்பாக மாறாது. அந்த எல்லைக்குள்ளே அச்சமா, துயரமா, சினமா, சிந்தனையா என்பதைக் காலப்பிரமாணம் தீர்மானிக்கிறது. இசைப்புலவர் விட்டுச்சென்ற இடைவெளி அது. அவ்விடைவெளியை நிரப்பும் பொறுப்பு வாசிப்பவரைச் சார்ந்தது. அப் பொறுப்பை உணராதவர், முன்னோர் எடுத்த வேகத்தையே தாமும் எடுத்துத் தப்பிக்கொள்வர். கூல்ட் அப்படித் தப்பிக்கொள்ளவில்லை. பேர்ண்ஸ்டைனும், உடன்படாத கருத்துக்காகத் தம் குழுவைச் செவ்வையாக வாசிக்கச் செய்தார். தம் மறுப்பையும் மறைக்கவில்லை. மறுத்துப் பேசியது முறையா என்று இன்றும் விவாதிப்பவர் உளர். நண்பர் மேடையேறுமுன் சபையோரின் மனத்தில் ஐயத்தை விதைத்தல் தகுமா என்பது நியாயமான கேள்வியே. ஆயின், பேச்சின் பின் தொடர்ந்த வாசிப்பிலே வஞ்சகம் சிறிதும் இல்லை என்பதைச் செவியே சாட்சிசொல்கிறது.

பின்னர் நடந்தவை இந்த வழக்குக்கு மேலும் சுவையூட்டுகின்றன. கூல்ட் 1964 ஆம் ஆண்டுடன் மேடைக் கச்சேரிகளை முற்றாக நீத்து, ஒலிப்பதிவுக் கூடத்தையே தம் அரங்காக்கிக்கொண்டார். 1981 இல் கோல்ட்பேர்க் மாறுபாடுகளை மீண்டும் பதிவுசெய்தபோது, முழு உருப்படிக்கும் அடியில் ஒரே துடிப்பை ஓடவிட்டார். பிராம்ஸில் நாடியதையே பாக்கில் அடைந்தார் எனலாம். அடுத்த ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அவர் காலமானார். 1983 ஆம் ஆண்டு, போலந்து நாட்டுக் கலைஞர் கிறிஸ்டியான் சிமர்மனுடன் வியன்னா பில்ஹார்மொனிக் குழுவைக் கொண்டு, பேர்ண்ஸ்டைன் இதே கொன்சேர்ட்டோவை நடத்தினார். அவ்வொலிப்பதிவும் 50 நிமிடங்களுக்கு மேல் நீடிப்பது. ஒரு காலத்திலே தாம் கேட்டறியாத அகலம் என்று கூறியவர், அந்த அகலத்துக்குத் தாமே வந்துசேர்ந்தார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சிமர்மனின் வாசிப்பிலே புயலும் உண்டு, குழைவும் உண்டு. வேகங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வெகுவாக விலகுகின்றன. மணிக்கூடு ஏறக்குறைய ஒரே கணக்கைக் காட்டுகிறது, மனநிலையோ வேறாகிறது.

ஆகவே, இசையன்பர்கள் ஒரு வாசிப்பைக் கேட்டவுடன் ‘வேகம்’ என்றோ ‘தாமதம்’ என்றோ தீர்ப்பளிக்குமுன், ஒரு கேள்வியைத் தம்மையே கேட்டுக்கொள்ளுதல் நன்று: எதற்கு வேகம், எதனோடு ஒப்பிடத் தாமதம்? ஓரிடத்தின் நடை அடுத்த இடத்தின் நடையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சுரநிலை மாறும்போது காலம் அதற்கு இடங்கொடுத்துக் காத்திருக்கிறதா என்று பாருங்கள். இயலுமாயின், இந்தக் கொன்சேர்ட்டோவின் இரண்டு ஒலிப்பதிவுகளைத் தேடி, முதற் பத்து நிமிடங்களை மட்டும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கூல்டின் பதிவு அவற்றில் ஒன்றாக இருக்கட்டும். அவர் கொண்ட முடிவை நீங்கள் ஏற்காமல் விடலாம். ஆனால் அதனைக் கேட்டபின், மற்றவர் எடுக்கும் வேகமும் ஒரு முடிவே, இயற்கையன்று, என்பது உங்களுக்குப் புலனாகும்.